கிடார்: சேவியர்

திண்டுக்கல்,
14 ஜூலை 2024

அன்புள்ள லில்லி,

அம்மா போன வாரம் இங்கே கன்னியர் மடத்துக்கு வந்துவிட்டுப் போனாள். அப்பாவின் வேன், செலியமேட்டில் யார் யாருக்குக் கல்யாணம், கம்பெனியில் சூப்பர்வைசர் படுத்தும் பாடு என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் ஒன்று சொன்னாள். "நம்ம லில்லி வில்லியனூர்ல கிடாரு கத்துக்கினு இருக்குதுடி. சேவியர்னு ஒரு மாஸ்டரு. பைசா வாங்கறதில்ல, தங்கமான மனுசன்."

பைசா வாங்காத மனிதர் வேறு என்ன வாங்குகிறார், லில்லி?

ஜனவரியில் இருந்து போகிறாயாம். இந்த ஆறு மாதத்தில் எனக்கு நான்கு கடிதம் எழுதியிருக்கிறாய். ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. இங்கே செல்போன் கிடையாது என்று உனக்குத் தெரியும். மாதத்துக்கு ஒரு கடிதம்தான். அதையும் பொறுப்புச் சிஸ்டர் படித்துவிட்டுத்தான் ஒட்டுவார். அதனால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அவருக்கு வயது என்ன? வீட்டில் யார் இருக்கிறார்கள்? உன்னோடு வேறு யார் கற்றுக்கொள்கிறார்கள்?

உன் அக்கா,
சகாயராணி

செலியமேடு,
28 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் போலீஸ் ஸ்டேஷனில் இருந்து வந்ததுபோல் இருந்தது. பதில் சொல்கிறேன், எழுதிக்கொள்.

வயது முப்பத்தெட்டு இருக்கும். மனைவி பெயர் செல்வகுமாரி, அரசு சுகாதார நிலையத்தில் நர்ஸ். பிள்ளைகள் இல்லை. முன்பு சென்னையில் பாட்டு ரெக்கார்டிங்குக்கெல்லாம் கிடார் வாசித்தவர். இப்போது வில்லியனூரில் வீட்டு மாடியிலேயே சின்ன ஸ்டூடியோ வைத்து, பக்திப் பாட்டு, குறும்படம் என்று இசை அமைத்து அனுப்புகிறார். போன வருடம் பாகூரில் நம் பிரிட்டோ அண்ணன் கல்யாணத்தில் நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு, அப்பாவிடம் அவரே வந்து பேசினார். "இந்தப் பொண்ணோட வலது கை யாருக்கும் வராது. என்கிட்ட அனுப்புங்க" என்றார். என்னோடு வேறு யாரும் கற்றுக்கொள்வதில்லை. முன்பு சில பேர் வந்தார்களாம், நிறுத்திவிட்டார்.

உனக்கு எழுதாததற்குக் காரணம், நீ இப்படிக் கேட்பாய் என்று தெரிந்ததுதான்.

அவரிடம் நான் என்ன கற்றேன் தெரியுமா? முதல் மாதம் முழுவதும் இடது கையால் கம்பியைத் தொடவே விடவில்லை. வலது கைக் கட்டைவிரலால் கீழ்ஸ்தாயிக் கம்பியை மட்டும் தட்டிக்கொண்டிருந்தேன். பிறகு மற்ற மூன்று விரலும் தனித்தனியாகப் பேச வேண்டும் என்றார். இப்போது காகிதத்தில் ஸ்வரக் குறிப்பைப் பார்த்தால் எனக்குள் கேட்கிறது. பயிற்சிக்கென்று என்னை ரெக்கார்ட் பண்ணுவார். வாசித்து முடித்ததும் அவர் கருத்தைச் சொல்லமாட்டார். "எப்பிடி இருந்துச்சு? நீயே சொல்லு" என்பார். நான் தப்பைச் சொன்னால், "அப்ப இன்னொரு தடவ" என்பார். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது என் காதை நானே நம்புகிறேன்.

அவர் கொஞ்சம் வினோதமான ஆள்தான். நான் பேசும்போது கண்ணைப் பார்க்காமல் என் வாயையே பார்ப்பார். நான் வாசிக்கும்போது சில நேரம் கிடாரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். கலைஞர்கள் அப்படித்தான் இருப்பார்கள் போல. "இங்க இன்னா வாசிக்கிறோம்னு வெளிய யார்கிட்டயும் சொல்லாத" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். திருஷ்டி படும் என்று நினைக்கிறார் போலிருக்கிறது.

சென்னையில் ஒரு இசைக் கல்லூரியில் கிடாருக்கென்றே படிப்பு இருக்கிறது. பிப்ரவரியில் தேர்வு. அப்பா ஒரு வருடம் டைம் கொடுத்திருக்கிறார். கிடைக்காவிட்டால் அம்மாவோடு கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். எனக்காக ஜெபம் பண்ணு. விசாரணை பண்ணாதே.

லில்லி

திண்டுக்கல்,
18 ஆகஸ்ட் 2024

லில்லி,

உன் கடிதத்தை மூன்று நாளாகப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். நீ சிரித்துக்கொண்டே எழுதிய வரிகள்தான் என்னைத் தூங்கவிடவில்லை. மற்ற பிள்ளைகளை நிறுத்திவிட்டார். உன் வாயைப் பார்க்கிறார். உன் மடியில் இருக்கிற கிடாரின் மேல் கை வைத்துக் கண்ணை மூடுகிறார். மனைவி பகலில் வேலைக்குப் போய்விடுகிறாள். யாரிடமும் சொல்லாதே என்கிறார். இதையெல்லாம் வேறொரு பெண்ணைப் பற்றி யாராவது உன்னிடம் சொன்னால் நீ என்ன நினைப்பாய்?

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் பத்தாவது படித்தபோது கணக்கு டியூஷனைத் திடீரென்று நிறுத்தினேன். நீ சின்னப் பெண். அக்காவுக்குக் கணக்கு வரவில்லை என்று உன்னிடம் சொன்னார்கள். எனக்குக் கணக்கு நன்றாக வரும். அந்த சாருக்குத்தான் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வரவில்லை. "யார்கிட்டயும் சொல்லாத" என்று முதலில் அவர் சொன்னார். வீட்டுக்கு வந்து அழுதபோது அம்மாவும் அதையே சொன்னாள். அந்த வார்த்தையை யார் சொன்னாலும் எனக்கு உடம்பு கூசும்.

இதைப் பொறுப்புச் சிஸ்டர் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நீ அங்கே போவதை நிறுத்து. முடியாது என்றால், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ.

சகாயராணி

செலியமேடு,
8 செப்டம்பர் 2024

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மாவிடம் போய் நின்றேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "அப்ப இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியலடி" என்றாள். அதற்குமேல் நானும் கேட்கவில்லை. எனக்கு யாருமே எதுவுமே சொல்லவில்லை, அக்கா. அதற்காக உன்மேலும் கோபமாக இருக்கிறேன்.

ஆனால் உன் சார் வேறு, என் மாஸ்டர் வேறு. அம்மா லீவு போட்டுவிட்டு என்னோடு வில்லியனூருக்கு வந்தாள். மாடியில் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு போலீஸ்காரியைப்போல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எப்போதும்போல்தான் இருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா, "கை வைக்கிற ஆளு இல்லடி. அது வேற. ஆனா எதையோ மறைக்கிறாரு. நான் பின்னால இருந்து தண்ணி வேணும்னு ரெண்டு வாட்டி கேட்டேன், காதுலயே வாங்கல. நம்மள மதிக்கிலயோ இன்னாவோ" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என் கிடாரில் அழுக்கைத் தடவுகிறீர்கள் என்று நினைத்தேன். இந்தக் கடிதத்தை அதோடு முடித்திருப்பேன். ஆனால் நேற்று ஒன்று நடந்தது.

கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். டீக்கடை ஸ்பீக்கரில் மாதா பாட்டு ஒன்று ஓடியது. பாடகியின் குரலுக்குப் பின்னால் கிடார். அது நான். சந்தேகமே இல்லை. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் மோதிரவிரல் நழுவி ஒரு கம்பி 'டிர்' என்று அதிர்கிறது. அதை வாசித்த அன்றைக்கே, "மாஸ்டர், கம்பி அடிச்சிருச்சு, இன்னொரு தடவ வாசிக்கிறேன்" என்றேன். அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியிருந்தார். "நல்லாதான இருந்துச்சு" என்றார்.

டீக்கடைக்காரரிடம் போனைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பாட்டுக்குக் கீழே எல்லார் பெயரும் இருந்தது. கிடார்: சேவியர்.

பயிற்சிக்கென்று வாசித்த மற்றதெல்லாம் எங்கே போயிருக்கும்? அவரிடம் நான் இன்னும் கேட்கவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

லில்லி

திண்டுக்கல்,
6 அக்டோபர் 2024

அன்புள்ள லில்லி,

முதலில் இங்கே நடந்ததைச் சொல்கிறேன். டியூஷன் சாரைப் பற்றி எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டுப் பொறுப்புச் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். நாற்காலியைக் காட்டினார். நான் அழுது முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். "இனி உன் கடிதத்தை நீயே ஒட்டிக்கொடு" என்றார். ஆகவே இது நீயும் நானும் மட்டும்.

உன் மாஸ்டர் திருடர். அது இப்போது உறுதி. ஆனால் திருடர்கள் நல்லதைத்தான் திருடுவார்கள். விரல் நழுவிய பாட்டை ஏன் அப்படியே அனுப்பினார்? நீயே இன்னொரு தடவை வாசிக்கிறேன் என்று சொல்லியும் வேண்டாம் என்றாரே? சென்னையில் வாசித்த மனிதருக்கு அது தெரியாதா? இதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

யோசித்துப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அவர் உன் எதிரில் கடைசியாக எப்போது கிடார் வாசித்தார்?

சண்டை போடாதே. தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளாதே. பார்த்துக்கொண்டே இரு.

சகாயராணி

செலியமேடு,
10 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

உன் கேள்வியைப் படித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என் எதிரில் முழுதாக ஒரு பாட்டு வாசித்ததே இல்லை. விரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுவார். இரண்டு கம்பியைத் தட்டுவார், நிறுத்திவிடுவார். ஸ்ருதி சேர்க்கக்கூட விளக்கு எரியும் கருவியைத்தான் மாட்டுவார். பச்சை விளக்கு வந்தால் போதும் என்பார்.

தீபாவளி முடிந்த திங்கட்கிழமை போனேன். மாஸ்டர் புதிதாக ஒரு பாட்டுக் குறிப்பை எடுத்து வைத்தார். அவர் மைக்கைச் சரிசெய்து கொண்டிருந்தபோது, நான் இரண்டாவது கம்பியின் முறுக்கைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். அக்கா, கேட்கவே முடியாது. பல் கூசுகிற மாதிரி இருக்கும். ஒரு சின்னப் பிள்ளை கேட்டால்கூட முகத்தைச் சுளிக்கும். அப்படியே முழுப் பாட்டையும் வாசித்தேன்.

அவர் திரையில் ஓடும் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடுகள் அழகாகத்தான் ஓடின. முடிந்ததும் திரும்பிச் சிரித்தார். "சூப்பர்டா. எப்பிடி இருந்துச்சு?"

கையால் வாயை மறைத்துக்கொண்டு, "மாஸ்டர், உங்களுக்குக் கேக்குதா?" என்றேன்.

"இன்னா?"

மறுபடியும் வாயை மறைத்துக்கொண்டே கேட்டேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு கிடாரைப் பார்த்தார். எழுந்து வந்து கம்பியைத் தொட்டு, கருவியை மாட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"வேணும்னே பண்ணியா?" என்றார்.

தலையாட்டினேன்.

"எழுந்து போ. போடி வெளிய!" என்று கத்தினார். நான் பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினேன். பாதிப் படியில் அவரே கூப்பிட்டார். மேலே போனபோது தரையில் உட்கார்ந்திருந்தார். இடது காது போய் மூன்று வருடம் ஆகிறதாம். பாகூர் கல்யாணத்தில் என்னைக் கேட்டபோது வலது காதில் கொஞ்சம் மிச்சம் இருந்ததாம். அதுவும் இப்போது இரைச்சல்தானாம். மெஷின் வைத்தால் பேச்சு ஏதோ கேட்கிறது, ஸ்ருதி கேட்பதில்லை.

"கெடாருகாரனுக்குக் காது போச்சுன்னா எவன் வேல குடுப்பான்? உன் கைய என் கையா வெச்சிக்கினேன். தப்புதான். ஆனா உனக்குச் சொல்லிக்குடுத்தது பொய்யில்லம்மா" என்றார். நான் எது சொன்னாலும் என் வாயைத்தான் பார்ப்பார் என்று தோன்றியது. கிளம்பும்போது, "இத யார்கிட்டயும்…" என்று ஆரம்பித்து, அவரே நிறுத்திக்கொண்டார். நானே, "சொல்லமாட்டேன் மாஸ்டர்" என்றேன்.

அதன்பிறகு நான் போகவில்லை. கோபமா, பாவமா என்று தெரியவில்லை. எப்படி இருந்தது நீயே சொல் என்று என்னைத் தினமும் கேட்டாரே, அதைப் பெரிய பாடம் என்று நினைத்தேன். அது அவருக்கு வேறு வழியில்லாமல் கேட்டது.

லில்லி

திண்டுக்கல்,
8 டிசம்பர் 2024

அன்புள்ள லில்லி,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. நான் பயந்தது நடக்கவில்லை. அதற்காக அவருக்கு நன்றி சொல்லவும் மாட்டேன்.

பாவம் பார்ப்பது வேறு, நியாயம் வேறு. காது போனது அவர் குற்றமில்லை. உன் பெயரை எடுத்தது அவர் குற்றம். இன்னும் எத்தனை பாட்டு அப்படிப் போயிருக்கிறது என்று கேட்டாயா? உன் பெயரைப் போடச் சொன்னாயா? நீயாகவே "சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். அந்த வாக்கு யாருக்கு லாபம்? அழுகிற ஆண்களைப் பார்த்தால் நம் வீட்டுப் பெண்கள் கேட்க வந்ததை மறந்துவிடுவார்கள். அவர் அழுதது உண்மையா, நீ வெளியே சொல்லிவிடக் கூடாதே என்பதற்கா? என்னால் இங்கே இருந்துகொண்டு சொல்ல முடியவில்லை.

ஆனால் ஒன்றில் உன்னோடு நான் ஒத்துப்போக மாட்டேன். வேறு வழியில்லாமல் கேட்டார் என்பதால் அது பாடம் இல்லை என்று ஆகிவிடாது. உன் காது உன்னுடையது. பிப்ரவரிக்குத் தனியாகவே தயாராகு.

அக்கா

செலியமேடு,
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

உட்கார்ந்து நிதானமாகப் படி. நல்ல செய்தி இருக்கிறது, ஆனால் முழுதாக நல்லதில்லை.

போன வாரம் சனிக்கிழமை அப்பா வேனிலேயே என்னைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தேர்வு அறையில் மூன்று பேர். நடுவில் வயதான ஒரு அம்மா. அவர் பக்கத்தில் உலகநாதன் என்ற பேராசிரியர். இன்னொருவர் பேசவே இல்லை. நானே அமைத்த இசைத் துண்டு ஒன்றை வாசித்தேன். பாதியில் உலகநாதன் சார் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"யார்கிட்ட கத்துக்கிட்டே?"

"வில்லியனூர் சேவியர் மாஸ்டர்கிட்ட, சார்."

அவர் சிரித்தார். "அதான பார்த்தேன். சேவியர் ஒரு வருஷமாத்தான் இப்படி ஒரு புதுக் கையில வாசிக்கிறார். கட்டைவிரல் தனியா நடக்கும். எல்லாரும் அதைப் பத்திப் பேசுறாங்க. நீ அதை அப்படியே காப்பி அடிச்சிருக்கே. இங்க எங்களுக்குக் காப்பி வேண்டாம்மா. உன்னோடது எங்கே?"

அக்கா, என்னோடதை நானே திருடிவிட்டேன் என்கிறார்கள். "அது என்னோடதுதான் சார். அந்தப் பாட்டுலயெல்லாம் நான்தான் வாசிச்சேன்" என்றேன். எனக்கே பொய்போலக் கேட்டது. நடுவில் இருந்த அம்மா, "அவருக்கென்ன, அவரே வாசிக்காம உன்னை வாசிக்க வெக்க?" என்றார். அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்த பதில். தலையைக் குனிந்துகொண்டேன். உன் முகம்தான் ஞாபகம் வந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நீ கத்துவதுபோல் இருந்தது.

உலகநாதன் சாருக்கு என் மௌனம் பிடிக்கவில்லை. "அவர் நம்பர் என்கிட்ட இருக்கு. அவரையே கேட்டுடலாம்" என்று போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தார்.

செல்வகுமாரி அக்காதான் எடுத்தார். சார் விஷயத்தைச் சொன்னார். லில்லி என்று ஒரு பெண், உங்கள் வீட்டுக்காரர் பாட்டையெல்லாம் தான் வாசித்ததாகச் சொல்கிறாள், அவரிடம் கொடுங்கள் என்றார். செல்வகுமாரி அக்கா, "இருங்க சார்" என்றார். காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. எழுதிக் காட்டுகிறார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இல்லை என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், அப்படித்தான் நினைத்தேன்.

மாஸ்டர் குரல் வந்தது. கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி சத்தமாக.

"சார், நீங்க பேசறது எனக்குக் கேக்காது. அதனால நான் சொல்றத மட்டும் கேளுங்க. எனக்குக் காது போயிடுச்சு. போன ஈஸ்டர்ல இருந்து என் பேர்ல வந்த கிடாரெல்லாம் செலியமேட்டு லில்லி வாசிச்சது. அந்தப் புதுக் கை அவளோடது. கட்டைவிரலத் தட்டுன்னுதான் நான் சொன்னேன், நடக்க வெச்சது அவதான்."

உலகநாதன் சார், "சேவியர், சேவியர்" என்று ஏதோ கேட்க வந்தார். மாஸ்டருக்கு அது தெரியாதே. அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பொண்ணு அங்க இருந்துச்சுன்னா சொல்லுங்க. ஏசி ரூம்ல கம்பி ஸ்ருதி மாறும். வாசிக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் கிடார வெளிய எடுத்து வெச்சிட்டு, அப்பால ஸ்ருதி சேக்கச் சொல்லுங்க. அவசரப்படுவா. அவசரப்படாதன்னு சொல்லுங்க."

போன் வைக்கப்பட்டது. உலகநாதன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நடுவில் இருந்த அம்மாதான், "ஸ்ருதி சேர்த்துட்டு முதல்லேர்ந்து வாசிம்மா" என்றார். ஸ்ருதி சேர்த்தேன். வாசித்தேன். நன்றாக வாசித்தேன் என்று என்னால் சொல்ல முடியும், ஏனென்றால் நான் கேட்டேன்.

புதன்கிழமை முடிவு வந்தது. இடம் கிடைத்துவிட்டது. ஜூனில் சேர வேண்டும். செய்தியைக் கேட்டதும் அப்பா வேனை ஓரம் கட்டிவிட்டார்.

மறுநாள் வியாழக்கிழமை வில்லியனூருக்குப் போனேன். செல்வகுமாரி அக்கா வாசலிலேயே நிறுத்தினார். "உம்மேல கோவமில்லம்மா. யாரையும் பாக்கமாட்டேங்குறாரு. அந்த சேதி அதுக்குள்ள எல்லா எடத்துக்கும் போயிடுச்சு. கையில இருந்த பாட்டெல்லாம் வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றார். நான் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. ரொம்ப நேரம் தட்டிவிட்டு வந்துவிட்டேன்.

எனக்குச் சந்தோஷமாக இருக்க முடியவில்லை, அக்கா. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டுவிட்டேனா?

லில்லி

திண்டுக்கல்,
9 மார்ச் 2025

அன்புள்ள லில்லி,

இங்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். என் தங்கை கிடார் படிக்கப் போகிறாள் என்று சமையல்கட்டில் இருந்து கோயில் வரை தெரியும்.

நீ ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. உன்னோடது உன்னிடம் திரும்பி வந்திருக்கிறது. அந்தக் கடிதத்தைப் படிக்கும்போதும் நான் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் படித்தேன். போன் வந்ததால்தானே சொன்னார்? வராவிட்டால் சொல்லியிருப்பாரா? அடுத்த பாட்டுக்கும் உன்னைக் கூப்பிட்டிருப்பாரோ? இதற்கெல்லாம் எனக்குப் பதில் தெரியாது. நான் அவரை இன்னும் முழுதாக நம்பவில்லை. அவர் பெயரில் வந்த பாட்டுகளில் உன் பெயரைப் போடும்வரை நம்பவும் போவதில்லை. அதை நீ கேட்டே ஆக வேண்டும். செல்வகுமாரி அக்காவை வைத்துக்கொண்டு, எழுதிக் காட்டிக் கேள்.

ஆனால் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பிழைப்பு பிழைத்திருக்கும். அதையும் நான் மறக்கவில்லை. எங்கள் டியூஷன் சார் இன்றைக்கும் நல்ல பெயரோடுதான் இருக்கிறார். செய்ததைச் சத்தமாகச் சொன்ன ஒரு மனிதரை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

அதனால் மறுபடியும் வில்லியனூருக்குப் போ. போகாதே என்று எழுதிய கையாலேயே எழுதுகிறேன். ஆனால் இப்படி ஒரு மடத்தனம் பண்ணலாமா, லில்லி? காது கேட்காதவர் வீட்டில் போய் ரொம்ப நேரம் கதவைத் தட்டிக்கொண்டு நின்றிருக்கிறாய். தட்டாதே. திறந்துகொண்டு உள்ளே போ. அவர் பார்க்கிற இடத்தில் உட்கார்.

அக்கா